மலையடிவாரத்தில் ஒரு பளியர் குடியிருப்பு: தலைக்கணக்கும் பிழைப்பும்

தமிழ்நாட்டுப் பழங்குடி மக்கள் எங்கே வாழ்கிறார்கள் என்று மதுரையில் யாரைக் கேட்டாலும் நீலகிரி, கொல்லிமலை, ஏற்காடு, சவ்வாது மலை என்றுதான் பதில் வரும். நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள் என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30,38,252. அதில் பட்டியல் பழங்குடியினர் நூற்றுக்கு அரைப் பேர்கூட இல்லை. மாநிலம் முழுவதும் சேர்த்தே 7,94,697 பேர், அதாவது 1.1 சதவீதம்தான்.

ஆனால் உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் மேற்கே போனால், மானாவாரி நிலம் முடிந்து, மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிந்து, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் பளியர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அதே மலைத்தொடரின் அந்தப் பக்கம் வருசநாடு, தெற்கே வத்திராயிருப்பு, ராஜபாளையம், வடக்கே பழனி மலையும் சிறுமலையும். எல்லா இடத்திலும் அதே மக்கள்தான். ஒரு காலத்தில் இதில் பெரும்பகுதி ஒரே மதுரை மாவட்டமாக இருந்தது. 1985-இல் திண்டுக்கல் பிரிந்தது, 1996-இல் தேனி பிரிந்தது. நிர்வாக வசதிக்குப் பிரித்தார்கள், சரி. ஆனால் மலையோரமாகப் பரவியிருந்த ஒரு சிறு சமூகம் இப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத எண்ணிக்கையாக ஆகிவிட்டது. மதுரை ஆட்சியர் அலுவலகக் கணக்கில் அவர்கள் ஒரு சிறு துண்டு, தேனியில் ஒரு துண்டு, விருதுநகரில் ஒரு துண்டு.

இப்படிப்பட்ட ஒரு குடியிருப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள், என்ன செய்து பிழைக்கிறார்கள் என்பது சுலபமான கேள்வி மாதிரி தெரியும். அரசுக் கணக்கில் அதற்குப் பதில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் பக்கத்து ஊரின் பதில். இந்தக் கட்டுரை அது ஏன் என்பதைப் பற்றியது. எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையாக இருந்தால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ரோடு, வீடு, காட்டு உரிமை எல்லாம் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஊர் என்றால் என்ன என்பதைப் பார்க்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஊர் என்று எடுத்துக்கொள்வது வருவாய் கிராமத்தை. வி.ஏ.ஓ. கணக்கில் ஒரு தாய்கிராமமும் அதற்குக் கீழே உட்கடைகள் எனப்படும் பல சிற்றூர்களும் இருக்கும். மலையடிவாரப் பளியர் குடியிருப்பு இந்த உட்கடைகளில் ஒன்று. சில இடங்களில் உட்கடையாகக்கூட எழுதப்படாமல், புறம்போக்கிலோ காட்டு ஓரத்திலோ பத்து இருபது தொகுப்பு வீடுகளாக நிற்கும். கணக்கெடுப்பு முடிந்து பட்டியல் வெளிவரும்போது உட்கடைகள் எல்லாம் தாய்கிராமத்தின் பெயருக்குள் போய்விடும்.

ஒரு தாய்கிராமத்தில் 5,000 பேர், அதில் மலையோரம் நாற்பது வீடுகளில் 150 பளியர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் பழங்குடியினர் என்ற இடத்தில் 150 என்று வரும். அதுவரை சரி. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர், வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், விவசாயி யார், கூலி யார் என்பதெல்லாம் ஊர் வாரியான சுருக்கப் பட்டியலில் மொத்த ஊருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்படும். 5,000 பேரில் எழுத்தறிவு 70 சதவீதம் என்று வந்தால், அந்த 150 பேரில் பத்துப் பேருக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியும் என்றாலும் அது வெளியே தெரியாது. ஊரில் பாதிப் பேர் சொந்த நிலத்தில் பயிர் செய்கிறார்கள் என்று வரும். அந்தப் பாதியில் பளியர் வீடு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

சரி, தனியாக எண்ணிவிட்டால் போதுமா என்றால், அப்போதும் எண்ணைப் பார்த்துப் படிக்கத் தெரிய வேண்டும். உசிலம்பட்டி வட்டாரம் என்றாலே 1980-களில் பெண் சிசுக் கொலைச் செய்திகளால் நாடு முழுக்கப் பேசப்பட்ட இடம் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அதனால் ஆறு வயதுக்குட்பட்ட ஆண், பெண் விகிதத்தை எல்லாரும் தேடிப் பார்ப்பார்கள். நாற்பது வீட்டுக் குடியிருப்பில் அந்த வயதில் இருபது குழந்தைகள் என்றால், 11 பெண், 9 ஆண் என்று இருந்தால் விகிதம் ஆயிரம் ஆணுக்கு 1,222 பெண். அதுவே 9 பெண், 11 ஆண் என்று மாறினால் 818. இரண்டு குழந்தைகள் இப்படியா அப்படியா என்பதில் ஒரு ஊர் நல்ல ஊராகவும் கெட்ட ஊராகவும் எழுதப்பட்டுவிடும். இவ்வளவு சிறிய கூட்டத்துக்குச் சதவீதமும் விகிதமும் போட்டு முடிவுக்கு வருவது தப்பு. வீடு வீடாக, பெயர் பெயராகப் பார்க்கலாம். நாற்பது வீட்டுக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை.

பிழைப்புக்கு வருவோம். இதுதான் உண்மையில் சிக்கலான இடம்.

2001-இலிருந்து கணக்கெடுப்பில் வேலை செய்பவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்: சொந்தமாகவோ குத்தகைக்கோ பயிரிடுபவர், விவசாயக் கூலி, வீட்டுத்தொழில் செய்பவர், மற்றவர். 1991 வரை காடு, கால்நடை, மீன்பிடி, வேட்டை, தோட்டம் இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு தனிப் பிரிவு இருந்தது. அது போய்விட்டது. தேன் எடுப்பவரும் கடுக்காய் பொறுக்குபவரும் இப்போது ‘மற்றவர்’. காப்பித் தோட்டக் கூலியும் ‘மற்றவர்’தான். பள்ளி ஆசிரியரும் பஸ் டிரைவரும் அரசு ஊழியரும் அதே ‘மற்றவர்’. அடிவார ஊர் ஒன்றில் ‘மற்றவர்’ எண்ணிக்கை கூடியிருப்பதைப் பார்த்து, மக்கள் விவசாயத்தை விட்டு நல்ல வேலைக்குப் போகிறார்கள் என்று எழுதினால், அதற்குள் மலைக்குப் போய் மரப்பட்டையில் கல்பாசி சுரண்டும் பெண்ணும் இருப்பாள்.

இன்னொரு பிரிவும் உண்டு. வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால் முதன்மை வேலையாள், குறைந்தால் குறுவேலையாள். வருஷத்தில் ஏழெட்டு வேலை மாறி மாறிச் செய்கிறவரிடம் ‘உங்கள் முக்கிய வேலை எது’ என்று கேட்டால் என்ன சொல்வார்? பெரும்பாலும் நடப்பது இப்படித்தான்:

“என்ன வேலைம்மா பாக்குறீங்க?”

“கூலிதான் சார். வேற என்ன.”

அதோடு முடிந்தது. விவசாயக் கூலி என்று ஒரு எண் எழுதப்படும். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. காட்டில் செய்கிற வேலையை அவர் வேலை என்று நினைத்துச் சொல்வதில்லை. அதைவிட, காட்டைப் பற்றி அதிகாரி மாதிரித் தெரியும் ஒருவரிடம் வாய் திறக்காமல் இருப்பதே நல்லது என்று இத்தனை வருஷ அனுபவத்தில் பழகியிருக்கிறார்கள்.

அந்தக் கூலிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு வருஷத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் புரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழி, தை வாக்கில் வள்ளிக்கொடிகள் காய ஆரம்பிக்கும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே கிழங்கு தோண்டப் போவார்கள். காட்டு வள்ளி ஒரே கிழங்கு அல்ல, பல வகை. சில அப்படியே சுட்டுத் தின்னலாம். சிலவற்றைச் சீவி, பலமுறை வேகவைத்துக் கசப்பு எடுத்தால்தான் வாயில் வைக்க முடியும். பாறை இடுக்கில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்டினால்தான் கிழங்கு கைக்கு வரும். தோண்டி எடுத்தபின் கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியைத் திரும்ப மண்ணில் வைத்து மூடிவிடுவார்கள். அடுத்த வருஷம் அதே குழியில் மறுபடி கிழங்கு இருக்கும். இதை நாம் பயிர் என்று சொல்வதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஆனால் எந்தப் பாறையோரம் எந்த வருஷம் தோண்டியது என்ற கணக்கு அவர்கள் தலைக்குள் இருக்கிறது.

அதே தை, மாசியில் நெல்லிக்காய், கடுக்காய், சீயக்காய். மாசியிலிருந்து புளி உலுக்குவது. பங்குனி வந்தால் இலவம் பஞ்சு. போடி பக்கத்திலும் வருசநாட்டுப் பக்கத்திலும் இலவமரத் தோப்புகள் நிறைய. காய் வெடித்துப் பஞ்சு பறப்பதற்கு முன் பறித்தாக வேண்டும். மரமோ உயரமானது, கிளையோ பொசுக்கென்று முறியக்கூடியது. ஏறத் தெரிந்தவர் கையில் தொரட்டியோடு நுனிவரை போய்ப் பறித்துப் போட, கீழே பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிக் குவிப்பார்கள். ஏறுகிறவருக்குக் கூலி கூட. விழுந்தால் நஷ்டஈடு என்று எதுவும் கிடையாது. தோப்பு யாரோ ஒருவருடையது, குத்தகை எடுத்தவர் இன்னொருவர், ஆளைக் கூட்டி வந்தவர் வேறொருவர். யாரைப் போய்க் கேட்பது?

சித்திரை, வைகாசியில் மாந்தோப்புக் காவலும் மாங்காய் பறிப்பும். கூடவே தேன். பாறைத் தேன், கொம்புத் தேன், மரப்பொந்தில் இருக்கும் தேன், கொசுத்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பக்குவம். உயர்ந்த பாறைமுகட்டில் பெருந்தேனீ கட்டிய ராட்டு என்றால் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். அந்தக் கயிறை மேலே இருந்து பிடிக்கிற ஆள் மைத்துனனாக இருப்பது மலைத்தேன் எடுக்கும் மக்கள் பலரிடமும் உள்ள வழக்கம். அக்காவோ தங்கையோ தாலி இழக்க விடமாட்டான் என்ற நம்பிக்கைதான். பச்சிலைப் புகை போட்டு ஈயை விலக்கி, தேன் இருக்கும் பகுதியை மட்டும் அறுத்துக் கூடையிலோ கேனிலோ இறக்குவார்கள். ஒரு வருஷம் பூ நன்றாகப் பூத்தால் தேன் இருக்கும். மழை தப்பினால் அந்த வருஷம் பாறை காலி.

ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும். தாணிப்பாறை வழியாகவும் சாப்டூர் வழியாகவும் ஏறுகிறவர்களுக்குச் சுமை தூக்குவது, நடக்க முடியாதவர்களைத் தூக்கிப் போவது எல்லாம் அடிவாரத்து ஆட்களுக்குக் கிடைக்கும் வேலை. கார்த்திகை, மார்கழி தொடங்கி மாசி வரை கீழ்ப்பழனி மலைப் பக்கம் காப்பிப்பழம் பறிப்பு. மிளகு, ஏலக்காய்த் தோட்ட வேலையும் உண்டு. குடும்பத்தோடு தோட்டத்துக்குப் போய் அங்கேயே தங்குவார்கள். இவற்றுக்கு நடுவில் நூறு நாள் வேலை. காட்டு உரிமைப் பட்டா பெற்ற, வேறு நிலம் இல்லாத பழங்குடிக் குடும்பத்துக்கு அது 150 நாள் என்று 2014-இல் மத்திய அரசு அறிவித்தது. பட்டா இருந்தால்தானே?

இந்தப் பட்டியலை எழுதும்போது கவனித்தால் ஒன்று தெரியும். 2011-இல் கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அதாவது தை கடைசியும் மாசியும். காப்பித் தோட்டத்தில் ஆள் இருக்கும் காலம், புளி உலுக்கும் காலம், மலையில் கடுக்காய்க்குப் போய் நாலைந்து நாள் தங்கிவிட்டு வரும் காலம். பூட்டிய வீட்டுக்குத் திரும்ப வர வேண்டும் என்று விதியில் இருக்கிறது. அடிவாரத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண்பாதையில் நடந்து வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனவர் எத்தனைமுறை திரும்ப வருவார்? பெரும்பாலும் பள்ளி ஆசிரியரான அவருக்கும் அது பள்ளி வேலைக்கு நடுவில் தலையில் ஏற்றப்பட்ட கூடுதல் வேலை.

காட்டிலிருந்து எடுத்த பொருள் காசாகும் வழியையும் பார்க்க வேண்டும். கல்பாசியை எடுத்துக்கொள்வோம். பிரியாணிக்கும் செட்டிநாட்டு மசாலாவுக்கும் இல்லாமல் தீராத பொருள். மலை மேல் மரங்களிலும் பாறைகளிலும் படிந்திருக்கும் சாம்பல் நிறப் பாசி. ஒரு நாள் முழுக்கச் சுரண்டிச் சேர்த்தால் சாக்கு நிறைந்த மாதிரி இருக்கும், தூக்கினால் எடையே இருக்காது. காயவைத்தால் இன்னும் குறையும். வாங்குபவர் கிலோ கணக்கில்தான் வாங்குவார். குடியிருப்பில் வாங்கும் வியாபாரி அதை அடுத்த வியாபாரிக்குத் தள்ள, மதுரை கீழமாசி வீதியிலோ விருதுநகரிலோ மொத்தக் கடைக்கு வரும்போது விலை வேறு, மளிகைக்கடையில் சிறு பொட்டலமாகத் தொங்கும்போது விலை வேறு. சுரண்டியவருக்குக் கிடைத்தது அதில் மிகச் சிறிய பங்கு. அந்தப் பங்கும் பெரும்பாலும் முன்பணத்தில் கழிந்துவிடும்.

முன்பணம் என்பதுதான் இந்தப் பிழைப்பின் அச்சாணி. வேலை இல்லாத மழைமாதத்தில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு, ஒரு சாவுக்கு, கல்யாணத்துக்கு என்று வியாபாரியோ தோட்டத்து மேஸ்திரியோ பணம் கொடுப்பார். வட்டி என்று எதுவும் சொல்ல மாட்டார். ஆனால் தேனையும் கடுக்காயையும் அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. அல்லது அவர் தோட்டத்துக்குத்தான் காப்பி எடுக்கப் போக வேண்டும். கணக்குப் புத்தகம் அவரிடம் இருக்கும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் செய்தால் அது அந்தச் சட்டத்துக்குள் வரும். பளியர் வீடுகளில் நடப்பது எல்லாமே கொத்தடிமை என்று நான் சொல்லவில்லை. சில இடத்தில் அது அவசரத்துக்குக் கைகொடுக்கும் ஒரே ஏற்பாடு. அதனாலேயே அதிலிருந்து வெளியே வருவது கடினம்.

அரசே காட்டுச் சிறுபொருட்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை கொடுக்கும் திட்டம் 2013-14-இல் தொடங்கியது. 2018-இல் வன்தன் திட்டம் வந்தது. கூட்டாகச் சேர்த்து, காயவைத்து, பொட்டலம் போட்டு விற்பதற்கான ஏற்பாடு. யோசனை நல்லது. ஆனால் வாங்குகிற இடம் குடியிருப்பிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்து, கையில் அன்றே காசும் கொடுத்தால்தான் வியாபாரியோடு அது போட்டி போட முடியும். மாதக்கடைசியில் வங்கிக் கணக்கில் ஏறும் பணத்தை நம்பி இன்றைக்கு அரிசிக்கு நிற்க முடியாது.

அரிசி என்றதும் ரேஷனைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த மக்களின் வாழ்க்கையை மற்ற எந்தத் திட்டத்தையும்விட மாற்றியது ரேஷன் அரிசிதான். மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்த்யோதயா அட்டை என்றால் மாதம் 35 கிலோ. கிழங்கு கிடைக்காத மாதத்தில் பட்டினி என்ற நிலையை அது பெரிதும் குறைத்திருக்கிறது. அதே நேரத்தில் சாப்பாடு முழுக்க அரிசியாகி, கிழங்கும் கீரையும் காட்டுப்பழமும் தட்டிலிருந்து குறைந்துகொண்டே வருகின்றன. இரண்டும் உண்மை.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதையெல்லாம் ஒரு நேர்கோடாகப் பார்ப்பார்கள். முன்பு வேட்டையாடிக் கிழங்கு தோண்டினார்கள், பின்பு கூலிக்கு வந்தார்கள், நாளை நம்மைப் போல் ஆகிவிடுவார்கள் என்று. 1962 முதல் 1964 வரை இந்த மலைகளில் பளியரோடு தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் அப்படிப் பார்க்கவில்லை. காட்டுப் பிழைப்பிலிருந்து கூலிக்கும், கூலியிலிருந்து காட்டுக்கும் அவர்கள் தேவைக்கேற்பப் போய் வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றும், இரண்டிலும் வாழத் தெரிந்திருப்பது ஒரு திறமை என்றும் அவர் எழுதினார். இன்றைக்கும் அது பொருந்துகிறது. தோட்டத்தில் கூலி சரியாகக் கொடுக்காவிட்டால் ஒரு வார்த்தை சண்டை போடாமல் கிளம்பி மலைக்குப் போய்விடுவார்கள்.

கார்ட்னர் கவனித்த இன்னொரு விஷயம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பளியர் சண்டையைத் தவிர்ப்பவர்கள். ஒருவர் இன்னொருவரை அதிகாரம் செய்வதை அவர்கள் ஏற்பதில்லை. கணவன் மனைவியை அடக்குவதும் இல்லை, தலைவன் என்று ஒருவன் எல்லாருக்கும் உத்தரவு போடுவதும் இல்லை. ஒத்துவரவில்லை என்றால் விலகிப் போவார்கள். அருமையான குணம். ஆனால் நம் நிர்வாகம் அப்படி இயங்குவதில்லை. மனுநீதி நாளில் வரிசையில் நின்று, திரும்பத் திரும்ப மனுக் கொடுத்து, சாலையில் உட்கார்ந்து, பத்திரிகையில் படம் வந்தால்தான் ஒரு வேலை நகர்கிறது. சத்தம் போடாமல் விலகிப் போகிற மக்களை அது ‘அங்கே யாரும் வசிக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறது. பூட்டிக் கிடக்கும் தொகுப்பு வீடுகளைக் காட்டி, வீடு கட்டிக் கொடுத்தாலும் இருக்க மாட்டார்கள் என்று பேசுகிறவர்கள் அடிவாரத்தில் நிறைய. தையில் பூட்டிய வீடு ஆடியில் திறந்திருக்கிறதா என்று அவர்கள் போய்ப் பார்ப்பதில்லை.

இனி, எண்ணிக்கை எப்படி உரிமையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு வருகிறேன். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் கிடையாது. பழங்குடியினர் செறிந்து வாழும் இடங்களுக்கான ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டப் பகுதிகள் சேலம், நாமக்கல், தருமபுரி, திருவண்ணாமலை பக்கத்து மலைகளில் இருக்கின்றன. நம் பக்கத்து மலைகளில் இல்லை. மத்திய அரசின் பழங்குடி மாதிரிக் கிராமத் திட்டத்தில் ஒரு ஊர் சேர வேண்டும் என்றால், அங்கே பாதிப் பேராவது பழங்குடியாக இருக்க வேண்டும், அவர்கள் 500 பேராவது இருக்க வேண்டும். மேலே சொன்ன 5,000 பேர் ஊரில் 150 பளியர் என்றால் 3 சதவீதம். அந்த நாற்பது வீட்டுக் குடியிருப்பு மட்டும் தனியாக எடுத்தால் நூற்றுக்கு நூறு. ஆனால் தனியாக யாரும் எடுப்பதில்லை.

2023 நவம்பரில் தொடங்கிய பிரதமரின் ஜன்மன் திட்டம் மிகவும் நலிவடைந்த பழங்குடிக் குழுக்களுக்கானது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு சமூகங்கள் அதில் உண்டு. பளியர் இல்லை. வேட்டையும் கிழங்கும் தேனுமாக வாழ்ந்து, எண்ணிக்கையில் சிறுத்து, எழுத்தறிவில் பின்தங்கிய ஒரு சமூகம் அந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்பதை அரசு ஒருமுறையாவது விளக்க வேண்டும். மாநில அரசு தன் பங்குக்குத் தொல்குடி என்று ஒரு திட்டத்தை 2024-இல் அறிவித்தது. நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய். அதில் மதுரை மேற்கு மலையடிவாரத்துக்கு எவ்வளவு வந்தது என்பதை உள்ளூர்ப் பத்திரிகைகள் கேட்டு எழுதலாம்.

இனச் சான்றிதழும் இதோடு சேர்ந்த சிக்கல். 1989 நவம்பருக்குப் பிறகு பழங்குடிச் சான்றை தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் விசாரித்துக் கொடுக்க வேண்டும். போலிச் சான்றுகள் பெருகியதால் வந்த கட்டுப்பாடு, அதற்கு நியாயம் உண்டு. மதுரையை ஒட்டிய பரவை, சமயநல்லூர் பக்கம் காட்டுநாயக்கர் குடும்பங்கள் பிள்ளைகளின் சான்றுக்காகப் பல வருஷமாகப் போராடுவதை நாம் செய்தியில் பார்க்கிறோம். மலையடிவாரப் பளியர் விஷயத்தில் யார் பழங்குடி என்ற சந்தேகமே பெரும்பாலும் எழுவதில்லை. அங்கே தடையாக இருப்பது தூரமும் காகிதமும். அப்பாவுக்குச் சான்று கிடையாது, பிறப்புப் பதிவு கிடையாது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலுவலகம் வந்தால் அதிகாரி முகாமுக்குப் போயிருப்பார். கள்ளர் சீரமைப்புப் பள்ளியிலோ அரசுப் பள்ளியிலோ எட்டாவது வரை வந்த பிள்ளை, மேலே உதவித்தொகைக்குச் சான்று கேட்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. நேரே குடியிருப்புக்கு வந்து முகாம் போட்டால் இது ஒரே நாளில் தீரும். போட்ட இடங்களில் தீர்ந்தும் இருக்கிறது.

காட்டு உரிமை விஷயத்தில் சட்டம் இவர்கள் பக்கம் இருக்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்த நாளிலிருந்து இவர்கள் தங்கள் மலையிலேயே அத்துமீறியவர்களாக ஆக்கப்பட்டார்கள். சிறுபொருள் சேகரிக்கும் உரிமை குத்தகைதாரருக்கு ஏலம் போனது, இவர்கள் அவருக்கு ஆள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. குடியிருந்த, பயிரிட்ட நிலத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை, அதுவும் கணவன் மனைவி இருவர் பெயரிலும். தேன், கிழங்கு, கடுக்காய் போன்ற சிறுபொருட்களை எடுக்கவும் விற்கவும் சொந்த உரிமை. தமிழ்நாட்டில் 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் பட்டா வழங்குவது நின்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. எட்டு வருஷம் போனது போனதுதான்.

அதற்குள் காட்டின் நிலையும் மாறிவிட்டது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. பரப்பு 1,016.57 சதுர கிலோமீட்டர். மதுரை மாவட்டத்தின் சாப்டூர் காடும் அதில் வருகிறது. காப்பகம் வந்தாலும் வன உரிமைச் சட்டத்தில் உள்ள உரிமை ஒழிந்துவிடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் உரிமையை எழுத்தில் வாங்கி வைத்திருப்பவரும் வாங்காதவரும் சோதனைச் சாவடியில் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை.

உரிமை கோருவதற்கு முதல் படி கிராம சபை. இங்கேதான் ஊர் என்றால் என்ன என்ற கேள்வி மறுபடி வருகிறது. ஊராட்சி முழுவதற்குமான கிராம சபையில் 150 பளியர் குரல் எடுபடாது. காட்டை ஒட்டித் தோப்பு வைத்திருப்பவர்களும் அதே சபையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். வன உரிமைச் சட்டம் இதை யோசித்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பழைய குடியிருப்புகளும் அளக்கப்படாத ஊர்களும்கூட, கிராமமாக அறிவிக்கப்படாவிட்டாலும், அந்தச் சட்டத்தின் பார்வையில் ஊர்தான். 2012-இல் திருத்தப்பட்ட விதிப்படி வன உரிமைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினரும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும் இருக்க வேண்டும். நாற்பது வீடு தனியாகக் கூடி, தங்கள் பாறை எது, தங்கள் கிழங்குக் குழி எது, எந்த வழியாக எந்த மாதம் போவோம் என்று தாங்களே எழுதி வரைபடம் போட்டு மனுக் கொடுக்கலாம். அது நடந்தால் வனத்துறைக்கும் நல்லது. எந்த மரத்தில் எப்போது கூடு, எந்தப் பக்கம் தீ பிடிக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025 ஜூனில் வந்தது. நம் பகுதிக்கு 2027 மார்ச் 1 நிலவரப்படி தலைக்கணக்கு, அதாவது ஆட்களை எண்ணுவது மறுபடியும் தை, மாசியில்தான். சாதிக் கணக்கும் சேர்ந்து வருகிறது. தேதியை மாற்ற முடியாது. ஆனால் பேரையூர், உசிலம்பட்டி தாலுகாக்களில் எண்ணப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சில விஷயங்களைச் சொல்லி அனுப்பலாம். குடியிருப்புப் பெயரைத் தனியாக எழுதுங்கள். பூட்டியிருந்தால் எந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், தோட்டத்தில் எண்ணுகிறவருக்கும் சொல்லுங்கள். கூலி என்றால் எந்த மாதம் எந்த வேலை என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். எண்ணுகிறவரோடு அந்தக் குடியிருப்பில் பத்தாவது படித்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொள்ளுங்கள். மாவட்ட நிர்வாகம் இதற்கு மேலிடத்து உத்தரவு எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதே பயணத்தில், கணக்கெடுப்புப் படிவத்தில் இடமில்லாத விவரங்களைத் தனி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், கிராம சபையில் வன உரிமை மனுவோடு இணைக்கவும் அது உதவும்.